கடைசியில் வந்தவனுக்கு முதல் பந்தி!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் நியூபோர்ட் பீச் என்ற கடற்கரை ஊர் ஒன்று உண்டு. அங்கே ஆண்டுதோறும் ஒரு வேடிக்கையான உபசாரம் நடக்கிறது. தொழில்முறைக் கால்பந்து அணிகள் புது வாலிபர்களைப் பொறுக்கி எடுக்கும்போது, கட்டக் கடைசியாக யாருடைய பெயர் வாசிக்கப்படுகிறதோ, அவரை வரவழைத்து விருந்து வைக்கிறார்கள். ஒரு கோப்பையும் கொடுக்கிறார்கள். அந்தக் கோப்பையின் மேல் நிற்கும் பொம்மை வீரன், பந்தைக் கைநழுவ விட்டுக்கொண்டிருப்பான்! "பொருட்படுத்த வேண்டாத ஆசாமி" என்பது அவருக்குச் சூட்டப்படும் பட்டம். 1976-ல் தொடங்கிய கேலி இது.

2022-ல் அந்தப் பட்டத்துக்கு உரியவரானவர் பிராக் பர்டி என்ற வாலிபர். அந்த ஆண்டு எடுக்கப்பட்ட 262 பேரில் அவர் 262-வது ஆள். மூன்று வருஷம் கழித்து, 2025 மே மாதத்தில், அவரை எடுத்த சான் பிரான்சிஸ்கோ அணி அவருடன் ஒரு புது ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 26 கோடியே 50 லட்சம் டாலர்! கடைசி ஆள் எப்படிக் குபேரனானார் என்பது சுவையான கதைதான். ஆனால் நடுவில் கழிந்த அந்த மூன்று வருஷங்களைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தின் கணக்குப் புத்தகம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

தேருக்கு ஒரு சாரதி

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. இருமுனையும் கூர்ந்த நீள்வட்டப் பந்து அது. அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள்; எறிவார்கள்; எதிரியை இடித்துத் தள்ளுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். அவர்களில் ஒருவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று கண் மூடித் திறப்பதற்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். எதிரே, மலை மாதிரி ஆட்கள் அவரை வீழ்த்துவதற்கென்றே பாய்ந்து வருவார்கள். தேருக்குச் சாரதி மாதிரி அவர். சாரதி சரியில்லை என்றால் குதிரைகள் எவ்வளவு உயர்ந்த ஜாதியாக இருந்து என்ன பிரயோஜனம்?

சாரதி வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். லீக்கில் அணிகள் 32. முதல் தரமான குவார்ட்டர்பேக்குகள் எந்தக் காலத்திலும் அதில் பாதிப் பேர்கூட இருந்ததில்லை. ஆகவே இல்லாதவன் தவிக்கிறான். இருக்கிறவன் எங்கே பறிகொடுத்து விடுவோமோ என்று பயப்படுகிறான். இந்த இரண்டு பயங்களும்தான் அந்த ஆட்டத்தின் பணத்தை ஆட்டிப் படைக்கின்றன.

தோற்றவர் கண்ட உபாயம்

1930-களில் பிலடெல்பியா அணியின் முதலாளியாக இருந்தவர் பெர்ட் பெல். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் சிக்காகோ, நியூயார்க் என்று பணமும் பெயரும் உள்ள அணிகளுக்கே போனார்கள். வலுத்த அணி மேலும் வலுக்கும்; இளைத்த அணி மேலும் இளைக்கும். இப்படியே போனால் ஆட்டம் பார்க்க யார் வருவார்கள் என்று பெல் கேட்டார். 1935-ல் அவர் சொன்ன யோசனையை மற்ற முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். சர்வகலாசாலைகளில் ஆடி முடித்து வரும் வாலிபர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். கடந்த ஆண்டு கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். வெற்றி பெற்ற அணி கடைசியில் எடுக்கும். ஓர் அணி எடுத்த ஆளை வேறு எந்த அணியும் தொடக்கூடாது. இதற்கு "டிராப்ட்" என்று பெயர்.

1936-ல் முதல் டிராப்ட் நடந்தது. முந்தைய பருவத்தில் எல்லாருக்கும் கீழே கிடந்த அணி எது? பெல்லின் பிலடெல்பியாதான்! முதல் பந்தியில் முதல் இலை அவருக்கே விழுந்தது. சிக்காகோ சர்வகலாசாலையின் ஜே பெர்வாங்கரை அவர் எடுத்தார். எடுத்து என்ன? பெர்வாங்கர் கேட்ட சம்பளத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. உரிமையைச் சிக்காகோ அணிக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கேயும் பேரம் படியவில்லை. பெர்வாங்கர் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார். தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஒரு நாள்கூட இறங்கவில்லை. டிராப்டின் முதல் மனிதரே அதற்கு "வேண்டாம்" என்று சொன்னவர் என்பதை அதன் ரசிகர்கள் அவ்வளவாக நினைவு வைத்துக்கொள்வதில்லை.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஏலத்தில் பத்து அணிகள் ஓர் ஆளுக்குப் போட்டி போடும்போது அவருடைய விலை ஏறுகிறது. டிராப்டில் விலை ஏற வழியே இல்லை. கேட்பவர் ஒரே ஒருவர். பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம், பெர்வாங்கர் மாதிரி. 1983-ல் ஜான் எல்வேயும், 2004-ல் ஈலை மானிங்கும் தங்களை எடுத்த அணிக்கு ஆட மாட்டோம் என்று அடம்பிடித்து வேறு அணிக்கு மாறினார்கள். அவர்கள் பெயர் பெற்ற குவார்ட்டர்பேக்குகள், அடம் பலித்தது. மற்றவனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

பெட்டிக்குப் போட்ட பூட்டு

1994-ல் இன்னொரு விதி வந்தது. ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்ச வரம்பு கட்டினார்கள். அப்போது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025-ல் அது 27 கோடியே 92 லட்சம். எந்த முதலாளியிடம் எத்தனை கோடி இருந்தாலும் பெட்டிக்கு ஒரே அளவு பூட்டு. அதற்குள் 53 பேருக்குப் படி அளக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டல்லாஸ் அணி 2024-ல் தன் குவார்ட்டர்பேக் டாக் பிரஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுக்கு 24 கோடி என்று ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 6 கோடி. அந்த ஆண்டின் உச்ச வரம்பு 25 கோடியே 54 லட்சம். ஒருவருக்கே கிட்டத்தட்ட கால் பங்கு! மிச்சத்தில்தான் மற்ற 52 பேர். ஒப்பந்தத்தின்போது ரொக்கமாகக் கொடுக்கும் பெருந்தொகையை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதனால் பாரம் உடனே தெரியாது. கடனுக்கு வாங்கிய நகை மாதிரி, தவணை பின்னால் வரும்.

இதற்கு மாற்று என்ன? மலிவான சாரதி! 2011-ல் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கை புதியவர்களின் சம்பளத்தை வெட்டிவிட்டது. அதற்கு முந்தைய 2010-ல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்போர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர். அதில் 5 கோடி நிச்சயம். அடுத்த ஆண்டு முதலாவதாக வந்த காம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம்தான்! ஒரே வருஷத்தில் இந்தச் சரிவு. அன்றிலிருந்து புத்திசாலி நிர்வாகிகள் ஒரு யுக்தி கண்டுகொண்டார்கள். கெட்டிக்கார வாலிபன் ஒருவன் குவார்ட்டர்பேக்காக அமைந்துவிட்டால், அவன் மலிவாக இருக்கும் நான்கு வருஷத்துக்குள் மீதிப் பணத்தால் பெரிய பெரிய ஆட்களை வாங்கிக் குவித்து, வெற்றியைத் தட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ரஸ்ஸல் வில்சனை 2012-ல் மூன்றாம் சுற்றில் எடுத்த சியாட்டில் அணி 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்தில் டென்வரை 43-க்கு 8 என்று நொறுக்கியது இந்த வழியில்தான்.

முழங்கை ஒன்று

பர்டியின் கதைக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ அணி 2021-ல் ட்ரே லான்ஸ் என்ற வாலிபருக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளையும், போதாக்குறைக்கு ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் மயாமி அணிக்குத் தாரை வார்த்தது. லான்ஸ் அந்த அணிக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியது நான்கே ஆட்டங்கள். கணுக்கால் முறிந்தது. 2023-ல் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை டல்லாஸுக்குத் தள்ளிவிட்டார்கள். வேறோர் அணி இதனாலேயே நாலைந்து வருஷம் எழுந்திருக்காது. இவர்களைக் காப்பாற்றியவர் அந்த 262-வது ஆள். 2022 கடைசியில் வேறு வழியில்லாமல் களமிறக்கப்பட்டார். வென்றார், வென்றுகொண்டே இருந்தார்.

2023 ஜனவரியில், சூப்பர் பௌலுக்கு ஒரு படி முந்தைய ஆட்டத்தில், எறியும் கையின் முழங்கைத் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. குணமானதும் திரும்பி வந்து, 2024 பிப்ரவரியில் அணியைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோய் நிறுத்தினார். அதில் கான்சாஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் அவருடைய அடிப்படைச் சம்பளம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். நம் கண்ணுக்குப் பெரிய தொகைதான். ஆனால் அதே வேலையை அவரைவிட மோசமாகச் செய்தவர்கள் அதைப்போல் முப்பது மடங்கு, நாற்பது மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டிக் கொடுக்க அணி விரும்பினாலும் முடியாது. டிராப்டில் வந்தவருடன் மூன்று பருவம் முடியும்வரை புது ஒப்பந்தம் பேசக்கூடாது என்று விதி. நன்றாக ஆடுபவர்களுக்குச் சில சில்லறைப் படிகள் உண்டு, அவ்வளவுதான்.

அந்த முழங்கை சரியாகக் கூடாமல் போயிருந்தால்? 26 கோடி எங்கே, அவர் எங்கே!

இது வெறும் கற்பனை அல்ல. ஜேம்ஸ் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். "யாஸூ" ஸ்மித் என்று கூப்பிடுவார்கள். 1968-ல் வாஷிங்டன் அணி அவரை முதல் சுற்றில் எடுத்தது. முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டது. ஆட்ட வாழ்க்கை அன்றோடு சரி. "என்னைப் பல அணிகள் போட்டியிட்டுக் கேட்டிருந்தால் நல்ல சம்பளமும் பாதுகாப்பும் கிடைத்திருக்கும், டிராப்ட் அதைத் தடுத்தது" என்பது அவருடைய வாதம். வழக்குத் தொடுத்தார். 1976-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1978-ல் மேல்முறையீட்டிலும், அன்று இருந்த வடிவில் டிராப்ட் சட்டவிரோதமே என்று சொன்னார்கள். பிறகு டிராப்ட் எப்படி இன்னும் நடக்கிறது? 1977-லேயே ஆட்டக்காரர் சங்கம் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. சங்கம் சம்மதித்தால் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பலாம்.

யார் வீட்டுப் பணம்?

முதலாளிகளும் பத்திரிகைகளும் வழக்கமாகச் சொல்வது இது: குவார்ட்டர்பேக்குகளின் பேராசைதான் அணிகளைக் கெடுக்கிறது. இந்தக் குற்றச்சாட்டில் சாரம் இல்லை. பணத்தைக் கேட்டவரைவிட, பயந்து கொடுத்தவர்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்.

கிளீவ்லண்ட் அணியைப் பாருங்கள். 1999, 2000, 2017, 2018 ஆகிய நான்கு ஆண்டுகளில் டிராப்டின் முதல் இடம் அவர்களுக்கே கிடைத்தது. சூப்பர் பௌல் மைதானத்தை அந்த அணி மிதித்ததே இல்லை. 2018-ல் எடுத்த பேக்கர் மேபீல்டு ஓரளவு நன்றாகவே ஆடினார். அது போதவில்லை. 2022-ல் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து, ஐந்து ஆண்டுக்கு 23 கோடி டாலரை ஒரு காசு குறையாமல் உத்தரவாதம் செய்தார்கள். பல பெண்கள் அவர்மீது பாலியல் புகார் கூறியிருந்த நேரம் அது. அவர் மறுத்தார், ஆனாலும் லீக் 11 ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. பிறகு காயம் மேல் காயம். துரத்தப்பட்ட மேபீல்டோ தாம்பாவில் போய்த் தழைத்தார். டென்வர் அணி இதே ரஸ்ஸல் வில்சனுக்கு 24 கோடிக்கு மேல் எழுதிக் கொடுத்து, இரண்டே பருவத்தில் 2024-ல் அனுப்பிவிட்டது. ஆடாத அவருக்காகக் கணக்கில் ஏறிய பாரம் 8½ கோடி! அந்த ஆண்டே டென்வர், புதிதாக எடுத்த போ நிக்ஸ் என்ற வாலிபரை வைத்து 10 ஆட்டம் வென்றது. அந்த வாலிபர் வாங்கிய சம்பளம் குறைவு என்பதால்தான் பாரத்தைத் தாங்க முடிந்தது. அதாவது, முதலாளி செய்த தப்புக் கணக்கை ஈடு கட்டியது ஒரு புதியவனின் குறைந்த கூலி.

அணிகளுக்குள் சமநிலை வேண்டும் என்று பெர்ட் பெல் சொன்னது நியாயம்தான். பணக்கார ஊர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் ஆட்டத்தில் ருசி இராது. டிராப்டை ஒழிக்க வேண்டியதில்லை. ஆனால் சமநிலைக்கு உச்ச வரம்பு ஒன்றே பெருமளவு போதும். அதன் மேல் புதியவர்களின் கையையும் மூன்று, நான்கு வருஷம் கட்டிப்போடுவது எதற்கு? ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து ஆடிவிட்டவன், அடுத்த பருவத்துக்கு முன் சம்பளம் பேசலாம் என்று விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் மற்றவர்களுக்கு மிஞ்சும் பணம் குறையும் என்பார்கள். குறையட்டும். 2025-ல் பர்டியின் புது ஒப்பந்தம் வரப் போகிறது என்றவுடனே சான் பிரான்சிஸ்கோ, டீபோ சாமுவேல் உள்ளிட்ட பழைய ஆட்களில் பலரை அனுப்பியது. அவர்களை அதுவரை வைத்துக்கொள்ள முடிந்தது யாருடைய பணத்தில்? எல்லாருக்கும் உண்மையான விலை கொடுத்து அணி கட்டுவதுதான் நிர்வாகியின் திறமைக்குச் சரியான பரீட்சை.

2011 உடன்படிக்கையில் சங்கத்தின் சார்பில் வாக்களித்தவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள். வெட்டப்பட்டது, இன்னும் உள்ளே வராதவர்களின் சம்பளம். இதைவிடச் சுலபமான விட்டுக்கொடுப்பு உலகத்தில் உண்டா? 2020 மார்ச்சில் மறுபடி உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. 1,019 பேர் ஆதரவு, 959 பேர் எதிர்ப்பு. 60 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. 2030 பருவம் வரை அதுதான் செல்லும். அதன்கீழ் இனிமேல் எடுக்கப்படப் போகும் பையன்களில் பலர், அந்த வாக்கெடுப்பு நடந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.