பணம் கொடுக்கப் பழைய சட்டம், கதவை அடைக்கப் புதிய சட்டமா?



மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். விபத்து இழப்பீடு பற்றிய பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடிபட்டுச் செத்தவனுக்கு எந்தச் சட்டம்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் நம் ஜனங்களை ஏய்க்கிறார்கள்.

நம் ஒன்றியத்தில் நடந்ததையே சொல்கிறோம். 2022 மார்ச்சில், விடியக்காலம் கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போன விவசாயியை ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. அடையாளம் தெரியாத வண்டி அடித்துச் செத்தால் புதிய சட்டப்படி 2 லட்சம், பழைய சட்டப்படி 25,000. "விபத்து ஏப்ரலுக்கு முந்தினது, 25,000 தான்" என்று அதிகாரி கையை விரித்துவிட்டார்.

அதற்கு முந்தின மாதம் இன்னொரு வீட்டில் ஆள் போனது. வண்டியும் தெரியும், இன்சூரன்சும் இருந்தது. காரியம் முடித்து, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கும் வாரிசுச் சான்றுக்கும் நடையாய் நடந்து, அந்த அம்மா நவம்பரில்தான் மனுப் போட முடிந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, "புதிய சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும், மனு செல்லாது" என்கிறார்.

பூ விழுந்தாலும் அவர்களுக்கு, தலை விழுந்தாலும் அவர்களுக்கா?

விபத்து நடந்த அன்றைக்கு இருந்த சட்டப்படிதான் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த பிப்ரவரியில் ஆறு மாதக் கெடு என்பதே கிடையாது. 1988 சட்டத்தில் இருந்த கெடுவை 1994 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு, 1990-ல் நடந்த விபத்துக்கும் அந்தப் பலன் உண்டு என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. திறந்த கதவு பழைய விபத்துக்கும் திறந்தது. இப்போது அடைத்த கதவைப் பின்னால் கொண்டுபோய் அடைப்பது என்ன நியாயம்? ஆறு மாதம் தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் நம் ஆட்களும் நிதானிக்க வேண்டும். அஜாக்கிரதையால் சாவு ஏற்படுத்தினால் பழைய சட்டத்தில் இரண்டு வருஷம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் ஐந்து வருஷம் வரை ஜெயில். "அந்த டிரைவருக்கும் ஐந்து வருஷம் போடு" என்று சிலர் கோபத்தில் கேட்கிறார்கள். அது நடக்காது. தண்டனையைப் பின்தேதியிட்டு ஏற்றக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு. நடக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் டிராக்டர் ஓட்டுகிறார்கள்.

ஆனால் அந்தத் தடை தண்டனைக்கு மட்டும்தான். செத்தவன் குடும்பத்துக்கு முன்தேதியிட்டு உதவி செய்ய அரசாங்கத்தை யாரும் தடுக்கவில்லை. 25,000 வாங்கிய குடும்பங்களுக்கு மீதிப் பணத்தையும் கொடு! ஏப்ரலுக்கு முந்தின விபத்துகளுக்கு ஆறு மாதக் கெடு இல்லை என்று சட்டத்திலேயே எழுது!

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் முன்பு கூடுகிறோம். பாதிக்கப்பட்டவர்கள் எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசுச் சான்று எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையே சங்க ஆபீசுக்கு வந்தால் எழுதி வாங்க ஏற்பாடு செய்கிறோம். புரோக்கர் கேட்டார் என்று வெற்றுத்தாளில் கைநாட்டு மட்டும் வைக்காதீர்கள்.

— ஒன்றியச் செயலாளர், விவசாயிகள் சங்கம்