புரத இலக்கும் மீனின் குடலும்

"மீனுக்குக்கூட வயிறு புண்ணாகுமா?" என்று அம்மா சிரித்தார். தேக்கா சந்தையில் கொடுவா மீன் வாங்கியபோது, பல்கலைக்கழகத்தில் நான் படித்துவரும் பாடத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

சிரிப்புக்குப் பின்னால் நாட்டின் உணவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரில் உற்பத்தி செய்யும் இலக்கை, 2025 நவம்பரில் சிங்கப்பூர் மாற்றியது. 2035க்குள் நார்ச்சத்தில் 20, புரதத்தில் 30 விழுக்காடு என்பது புதிய இலக்கு. புரதம் என்றால் முட்டையும் கடலுணவும். மீன் பண்ணைகளைப் பற்றிப் பேசும்போது செலவையும் இடத்தையும் பற்றியே பேசுகிறோம். ஆனால், 2023இல் பெரிய கொடுவாப் பண்ணை ஒன்று இங்கு வளர்ப்பை நிறுத்தியதற்குக் காரணம், செதில் உதிர்வு நோய்க் கிருமி.

எல்லா நோயும் செதிலில் தெரிவதில்லை. விப்ரியோ போன்ற பாக்டீரியா குடல் வழியாகவும் நுழையும். அப்போது குடல்சுவர் அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களை வெளியிடும். இன்டர்லியூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகியவை அழற்சியைத் தூண்டி, வெள்ளை அணுக்களை அழைத்துவரும். இன்டர்லியூக்கின்-10 அதைத் தணிக்கும். தணிப்பு சீக்கிரமே வந்தால் கிருமி தப்பிவிடும். தாமதமானால் குடலின் மடிப்புகள் சிதையும். மீன் இரை எடுக்காது, எடுத்தாலும் உடலில் ஒட்டாது. தீவனம்தான் பண்ணையின் பெருஞ்செலவு என்பதால், உயிர் பிழைத்த மீனும் நட்டமே.

ஆய்வு முடிவுகளை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. மீன் புரதங்களை நேரடியாக அளக்கும் கருவிப்பொருள்கள் குறைவு. அதனால் பலர் மரபணுவின் ஆர்என்ஏவை அளக்கிறார்கள். ஆர்என்ஏ பத்து மடங்கு கூடியது என்றால் புரதமும் பத்து மடங்கு கூடியது என்று பொருளாகாது. "இந்தத் தீவனம் அழற்சியைக் குறைக்கிறது" என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

தடுப்பூசி உதவாதா? உதவும். 1987இல் ஏறக்குறைய 50 டன் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து பயன்படுத்திய நார்வே, சால்மனுக்குத் தடுப்பூசி போட்டு அந்த அளவை ஒரு டன்னுக்கும் கீழே கொண்டுவந்தது. ஆனால் விரல் நீளக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது பெரும்பாடு. தீவனத்தில் கலந்து கொடுக்கலாமே என்று அம்மாவும் கேட்டார். சிக்கலே அங்குதான்: உணவாக வருவதை எதிரியாக நினைக்கக்கூடாது என்று குடலைப் பழக்கி வைத்திருப்பதும் இன்டர்லியூக்கின்-10 போன்ற அதே தணிப்புச் சமிக்ஞைகள்தான்.