மாண்டவளுக்கு யார் அழுவார்?

ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் பனி மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டு முற்றத்தை மூடிவிடும் நாட்கள் கண்டியில் உண்டு. சென்ற போயா தினம் அத்தகையதொரு நாள். நம்மிடம் பயிலும் மாணவர் மூவர் இல்லத்துக்கு வந்திருந்தனர். “சேர், நெஞ்சு படபடக்கும்படியான படம் ஒன்று சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்” என்றார்கள். நாம் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யைச் சொன்னோம். 1980 ஆம் ஆண்டுப் படமா என்று முகஞ்சுளித்தவர்கள், கால் மணி நேரத்துக்குப் பின் தேநீர் ஆறிப்போவதையும் கவனிக்கவில்லை.

இப்படத்தைப் பற்றிப் பேச நமக்குச் சற்றே கூடுதல் உரிமை உண்டு. பாலு மகேந்திரா 1939 இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலா ஒன்றின்போது, ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். லீன் மழை வேண்டுமென்று உரத்துச் சொன்னதும் மழை பொழிந்ததாம். அந்தக் கணமே தாமும் இயக்குநராவது என்று உறுதி பூண்டதாக அவர் பல தடவை கூறியிருக்கிறார். 1957 இல் வெளிவந்த அப்படத்தின் பாலம் கித்துல்கலவில் அமைக்கப்பட்டது. சில காட்சிகள் நம் பேராதனைப் பூங்காவிலும் எடுக்கப்பட்டன. அன்று அந்த மழையில் வியந்து நின்ற சிறுவர், பின்னர் புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, தமிழ்ப் படவுலகின் பெரும் ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் விளங்கி, 2014 இல் மறைந்தார்.

‘மூடுபனி’யின் கதை ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவியது. சந்துரு வசதி படைத்த இளைஞன். தந்தை தாயைக் கொடுமைப்படுத்தியதையும், விலைமாதரை நாடிப் போனதையும் சிறுவயதில் கண்டு மனம் நைந்தவன். அந்த வடு வளர்ந்து வெறியாகிறது. விலைமாதரைத் தேடித் தேடிக் கொல்கிறான். இடையில் ரேகா என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளோ வேறொருவனுக்கு உரியவளாக இருக்க, அவளைக் கடத்திக்கொண்டு உதகமண்டலத்துப் பனிக்குள் போய் ஒளிகிறான்.

கொலைகாரன் யார் என்ற புதிரை இப்படம் நெடுநேரம் காப்பாற்றி வைக்க முயல்வதில்லை. ‘அடுத்து எப்போது?’ என்பதே நம்மை ஆட்டிப்படைக்கும் கேள்வி. 1960 இல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வின் சாயல் இதில் படிந்திருப்பதை அறிந்தவர் அறிவர். ஆயினும் பனியையும் இருளையும் கதாபாத்திரங்களாக்கிய ஒளிப்பதிவு பாலு மகேந்திராவுக்கே உரியது. இசை இளையராஜா, இது அவருக்கு நூறாவது படம். கே. ஜே. யேசுதாஸின் குரலில் ஒலிக்கும் நிலாப் பாட்டு இன்றும் நம்மூர் பஸ்களில் கேட்கிறது. அதைப் படத்தில் பாடுபவன் ஒரு கொலைகாரன் என்பது மாணவர் மூவருக்கும் அன்றுதான் தெரிந்தது!

நடிப்பைச் சொல்வதானால், முதலில் பிரதாப் போத்தன். மெல்லிய குரலும் மிரண்ட கண்களும் கொண்டு, உருட்டி விழிக்காமலே அச்சமூட்டுகிறார். 2022 இல் அவரும் மறைந்தார். கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்து, சத்யஜித் ரேயின் ‘காஞ்சன்ஜங்கா’விலும் (1962) தோன்றிய என். விஸ்வநாதன் இதில் நடித்திருப்பது, கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பின்னாளில் கதாநாயகனாகப் பெயர்பெற்ற மோகனைச் சிறு வேடத்தில் காணலாம். எல்லோரையும் விட நெஞ்சில் நிற்பவர் ரேகாவாக வரும் ஷோபா. ‘பசி’ படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகை என்ற தேசிய விருதைப் பெற்ற அப்பெண், ‘மூடுபனி’ திரைக்கு வருமுன்பே, 1980 மே முதலாந் திகதி, பதினேழே வயதில் மறைந்துவிட்டார். அவர் சிரிக்கும் காட்சிகளில் நம்மால் முழுமனத்தோடு சிரிக்க முடிவதில்லை.

குறைகள் இல்லையா? உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகள் கதைக்கு வேண்டிய இடங்களிலெல்லாம் தாமாக வந்து உதவுகின்றன. மனநோய்க்குப் படம் தரும் விளக்கம், கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைபோல் மிகச் சுருக்கமானது. தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிற் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்தாமல், தம் துயரைத் தாமே சுமந்து வாழ்கிறார்கள். அவர்கள் மீது இந்தக் கணக்கு வீண்பழி சுமத்துகிறது.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு எடுத்துரைத்துக் கொண்டிருந்தோம். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் மகள், “அப்பா, அவன் கொன்றானே, அந்தப் பெண்ணின் பெயர் என்ன?” என்றாள்.

நமக்கு நினைவில்லை. மாணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சந்துருவின் பெயர் தெரியும். அவன் தாய் பட்ட பாடு தெரியும். அவனுக்காக நாம் சற்றே உருகியும் இருந்தோம். கொலையுண்டவளுக்கு ஒரு தாய் இருந்தாளா, எந்த வறுமை அவளை அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தது என்பதில் படம் அதிக அக்கறை காட்டவில்லை. நாமும் காட்டவில்லை என்பதே நமக்கு உறைத்தது. இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1978 இல் வந்த பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் இதே கதைதான்: கொல்பவனுக்கு ஒரு சோகமான இளமைப் பருவம் கிடைக்கிறது, மாள்பவளுக்கு ஒரு கூக்குரல் மட்டுமே கிடைக்கிறது. ‘ஒழுக்கங் கெட்டவள்’ என்று ஒருத்தியை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், அவள் சாவைக் கதையின் ஒரு திருப்பமாக மட்டும் பார்ப்பது எத்தனை எளிதாகிவிடுகிறது!

ஆகவே இப்படத்தைப் பார்க்கக்கூடாதென்று நாம் சொல்லமாட்டோம். சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று. கல்லூரி மாணவர் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கலாம். முடிந்ததும் இருவேறு விடயங்களைப் பேசவேண்டும். ஒன்று, மனைவியை நோக்கிக் கை ஓங்கும் தகப்பனைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது. இதற்கென நம் நாட்டில் 2005 இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் ஓங்கிய கையைத் தாழ்த்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மற்றது, நம் மகள் கேட்ட கேள்வி.

மாணவர்கள் விடைபெற்றபோது பனி நன்கு இறங்கியிருந்தது. கேற்றடியில் ஒருவன் திரும்பி நின்று, “சேர், வீட்டுக்குப் போய் முதலிலிருந்து மறுபடி பார்க்கப் போகிறேன். அந்தப் பெயரைக் கவனிக்கவேண்டும்” என்றான். நாமும் அவ்வாறே செய்வதாய் எண்ணியிருக்கிறோம்.