முதல் ஈடு ஏன் கோணுகிறது?



மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் என்ன கேட்கிறோம்? "எத்தனை நாள் படுக்கை? செலவு எவ்வளவு?" இவ்வளவுதான். "மாதத்தில் எத்தனை கண் செய்கிறீர்கள்? அதில் எத்தனை சிக்கலாயிற்று?" என்று கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை.

அமெரிக்காவில் பட்டாளத்து டாக்டர்களைப் பற்றி இந்தக் கேள்வியைச் சர்க்காரே கேட்கிறது. சண்டையில்லாத காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் பெரிய காயத்துடன் வருகிறவர்கள் குறைவு. டாக்டருக்குக் கைப்பழக்கம் விட்டுப் போகும். தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குச் சுற்றுகிறவளைக் கேளுங்கள், முதல் ஈடு ஏன் கோணுகிறது என்று சொல்வாள்! ஆகவே பட்டாள டாக்டர்களைப் பொது ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வைக்க 2016 டிசம்பரில் சட்டமே வந்தது. யார் எத்தனை ஆபரேஷன், எவ்வளவு கடினமானது என்று கணக்கும் வைக்கிறார்கள்.

நம் கரிசல் சீமையிலும் ஒரு பட்டாள டாக்டர் இருந்தார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. உறவுப் பெண்கள் மூவர் கர்ப்பகாலத்தில் இறந்ததைப் பார்த்தவர். பிரசவ டாக்டராக வேண்டுமென்பதே அவர் ஆசை. 1944இல் படிப்பை முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு. 1948இல் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டார். பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்று ஆயிற்று.

வேறொருவரானால் பென்ஷனை எண்ணிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இவரோ கண் வைத்தியம் படித்தார். அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கப் பழக்கினார். மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்கள்! ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006இல் காலமானார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷனில் சிக்கல் நேர்ந்தால், எந்த டாக்டர் கையில் நேர்ந்தது என்று பதிவு செய்கிறார்கள். பிறகு கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். எத்தனை ஆஸ்பத்திரிகளில் இப்படி உண்டு, சொல்லுங்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை என் அத்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.