காலாபானி: யாருடைய துயரம்?

அந்தமான் என்றதும் நமக்குச் சொல்லித்தரப்பட்டிருப்பது ஒரு சிறை, அதற்குள் ஒரு சாவர்க்கர். விமான நிலையத்துக்கு அவர் பெயர். 2024இல் போர்ட் பிளேருக்கே ‘ஸ்ரீ விஜயபுரம்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் காட்டை வெட்டி அந்த ஊரை உருவாக்கியவர்கள் யார்?

காலனியத் தண்டனை முறையை ஆய்வு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கதை 1906இல் கட்டிமுடித்த செல்லுலார் சிறையில் தொடங்கவில்லை. 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் வாக்கர் 200 கைதிகளோடு வந்திறங்கியபோது அங்கே சிறையே இல்லை. கடல்தான் மதில். காலில் விலங்கோடு மரம் வெட்டினார்கள். முதலில் இறங்கிய சாத்தம் தீவில் போதிய குடிநீர் இல்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆட்களைத் தின்றன. தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். பிறகு ராஸ் தீவில் வெள்ளை அதிகாரிகளுக்கு நடன அரங்கும் தேவாலயமும் எழுந்தன. கட்டியது கைதிகளின் கை.

இத்தனைக்கும் ‘காலாபானி’ என்று பெயர். கறுப்புத் தண்ணீரைத் தாண்டினால் சாதி போய்விடும் என்ற அச்சம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. யாருடைய அச்சம் அது? இழப்பதற்குச் சாதிப் பெருமை வைத்திருந்தவனின் அச்சம். சாதியால் மிதிபட்டவனுக்குத் துயரம் என்பது விலங்கும் தாகமும் காய்ச்சலும்தான். துயரத்துக்குப் பெயர் வைக்கும் உரிமைகூட மேல்சாதியிடமே இருந்திருக்கிறது!

“சாவர்க்கர் செக்கிழுத்தது பொய்யா?” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அவரால் கருணை மனு எழுத முடிந்தது, விடுதலையாகி நினைவுகளை நூலாக்க முடிந்தது. 1926 வாக்கில் ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்திக் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்ட பாந்து மக்களுக்குப் பிறப்பே குற்றம். அவர்கள் பெயரில் எந்த விமான நிலையம் இருக்கிறது?

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த மண் ஆளில்லாத மண் அல்ல. 1859இல் அபர்தீனில் எதிர்த்துப் போரிட்ட கிரேட் அந்தமானியர்கள், 1877இன் தட்டம்மையிலும் குடியேற்றம் கொண்டுவந்த பிற நோய்களிலும் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19 பேர்.

பேரரசின் பெயரை அழித்துவிட்டுப் பேரரசர்களின் பெயரை எழுதுவது காலனிய நீக்கம் அல்ல, ஆள்மாற்றம். தோழர்களே, அடுத்த முறை யாராவது காலாபானித் தியாகம் பற்றிப் பேசினால் ஒன்று கேளுங்கள்: மரம் வெட்டியவன் பெயர் என்ன? அந்த மரம் யாருடையது?