பன்னிரண்டு வயதுப் பாட்டுக்காரர்கள்



2023ஆம் ஆண்டு மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று நாடெங்கும் பேசிக்கொண்டிருந்தபோது, புசல்லாவ நயாபன தோட்டத்துப் பிள்ளை அசானி சென்னையில் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' பாட்டுப் போட்டி மேடையில் நின்று பாடினாள். அந்த வாரங்களில் கந்தப்பளைப் பக்கம் எந்த லயத்துக்குப் போனாலும் அவள் பேச்சுத்தான். அதே போட்டியில் யாழ்ப்பாணத்து கில்மிஷா முதலிடம் பெற்றாள். அதற்குப் பிறகு தோட்டத் திருவிழா மேடைகளில் மைக் பிடிக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

இந்த நேரத்தில், சிறு வயதிலேயே மேடையேறிய பாடகர் ரிக்கி மார்ட்டினின் கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1998 உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்குப் பாடினாரே, அவர்தான். போர்ட்டோ ரிக்கோவில் 1977இல் எட்கார்டோ டியாஸ் தொடங்கிய 'மெனுடோ' என்ற பையன்கள் குழுவில் 1984இல் சேர்ந்தபோது அவருக்கு வயது 12. ஆள் குள்ளம் என்று முன்பு திருப்பி அனுப்பியிருந்தார்கள்; விடாமல் மறுபடி போய் நின்று இடம் பிடித்தார். ஆனால் அந்தக் குழுவின் வழக்கம் கடுமையானது. பையனுக்குப் பதினாறு வயது நெருங்கினால், குரல் உடைந்தால், அவனை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு இன்னொரு சிறுவனைக் கொண்டுவருவார்கள். குழுவின் பெயர் நிலைத்தது, பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அங்கே பட்ட கொடுமைகளைச் சிலர் பெரியவர்களான பிறகுதான் வாய் திறந்து சொன்னார்கள். ரிக்கி 1989இல் வெளியே வந்தார். அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடிக்க அவருக்கு இன்னும் பத்து வருட உழைப்பு தேவைப்பட்டது.

போன திருவிழாவில் இங்கே ஒரு தோட்டத்துக் கோயிலடியில் ஒரு பையன் பாடினான். கடும் குளிர், பனி மூட்டம். பாதிப் பாட்டில் கரோக்கி ஓடிய போன் நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. ஓரமாய் நின்ற தப்புக்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுத்து வந்த களைப்போடு நின்ற பெண்கள் கைதட்டிக் கூடவே பாடினார்கள். அவனுக்கும் பன்னிரண்டுதான் இருக்கும்.

அப்படிப்பட்ட பிள்ளையைப் பெரிய மேடைக்கு அனுப்ப ஊரே கைகொடுக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அனுப்புகிற பெற்றோரிடம் சிலவற்றை வேண்டிக் கேட்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பெற்றவர் ஒருவர் எப்போதும் கூடவே இருங்கள். விட்டுப்போகும் பாடங்களை யார் சொல்லிக்கொடுப்பது என்று அதிபரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். குரல் உடையும் வயதுப் பையனை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி வருத்த வேண்டாம். சில மாதம் பொறுத்தால் குரல் தானாகப் படியும்.

உங்கள் தோட்டத்தில் பாடும் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். யாரிடம் பழகுகிறார்கள், பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இருக்கிறாரா, ஆர்மோனியமாவது உண்டா என்பதையும் மறக்காமல் சேருங்கள். வரும் இதழில் அதற்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்