கதவில் புதுப் பூட்டு!

தருமபுரியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அக்கா, பதினொரு மாச அக்ரிமெண்ட் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு. வேற வீடு தேடிக்கிட்டுதான் இருக்கோம். ஓனரம்மா, 'ஒரு வாரம் டயம். இல்லேன்னா பூட்டுப் போட்டுடுவேன்'னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் லாரியில போனா வர பத்து நாளாகும். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?"

முதலில் தைரியமாக இருங்கள், சகோதரி. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதற்காக யாரும் தாங்களாகவே உங்களை வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் இடத்தில் இருந்த ஒரு பெண்மணியின் வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே நீடிக்க உரிமை இல்லாதவரானாலும் சரி, அமைதியாகக் குடியிருப்பவரைச் சட்டப்படியன்றி உரிமையாளர் வெளியேற்றக் கூடாது.

தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்பகுதி வீடுகளுக்கான சட்டம் இது. இதன்படி, காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால், பழைய நிபந்தனைகளின்படியே மாதத்துக்கு மாதம், அதிகபட்சம் 6 மாதம் வரை வாடகை உறவு தொடர்வதாகக் கருதப்படும். அதன் பிறகும் காலி செய்ய வைக்க, ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பூட்டுப் போடாமல் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது என்று சிலர் வேறு வழியில் நெருக்குவார்கள். அதுவும் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் துணை ஆட்சியர் நிலையில் வாடகை அதிகாரி உண்டு. அவரிடம் மனு கொடுத்தால், மீண்டும் இணைப்புத் தரும்படி இடைக்கால உத்தரவு போட முடியும்.

மிரட்டல் வந்தவுடனே செய்ய வேண்டியவை:

1. வாடகையை நிறுத்தாதீர்கள். வங்கி வழியாகவே கட்டுங்கள். கையில் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள்.

2. அக்ரிமெண்ட், ரசீதுகள், மின்கட்டண அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களை அம்மா வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ கொடுத்து வையுங்கள். எல்லாமே பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால், வாயால் சொல்வதை யார் நம்புவார்கள்?

3. எப்போது காலி செய்வீர்கள் என்பதை ஒரு தேதி குறித்து எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

அப்படியும் பூட்டிவிட்டால்? பூட்டை உடைக்காதீர்கள். போட்டோ எடுங்கள். அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். குழந்தையின் மருந்து, துணிமணி உள்ளே இருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துபோக வேண்டாம். 1963-ம் வருஷத்துக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6-ம் பிரிவின்படி, வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டை மீட்கலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அங்கே எழாது. நாளைக் கடத்தினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வாடகையை நம்பியே அடுப்பு மூட்டும் ஓனரம்மாக்களும் உண்டு. சட்டப்படி முடித்துவைத்த பிறகும் நகராமல் இருந்தால், இரண்டு மடங்கு வாடகை கட்ட நேரிடும். ஆகவே, கிடைக்கும் அவகாசத்தை வீடு தேடப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று: அட்வான்ஸ் பணத்தை, உங்கள் பாக்கி போக மீதியை, காலி செய்த 1 மாதத்துக்குள் ஓனர் திருப்பித் தர வேண்டும். போக்கியத்துக்கு இருப்பவர்களுக்கோ சேமிப்பு முழுவதுமே அந்தத் தொகைதான். ஒரு கையில் பணம், மறுகையில் சாவி. அதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள்!